ஊர் தேடி வரும் ஆய்வகம்

ஆந்திரம், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் முனையில் அமைந்தது குப்பம். அதன் அண்டையில், சித்தூர் மாவட்டத்திலேயே உள்ளது சாந்திபுரம். தெலுங்கோடு தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் வட்டாரம் இது. ஆய்வகம் என்பதைப் பாடநூலின் படத்தில் மட்டுமே கண்ட சிற்றூர் மாணவர் பலர்.

வங்கிப் பணியைத் துறந்து வந்த இராம்ஜி இராகவன், 1999ஆம் ஆண்டில் வேறு சிலருடன் இணைந்து அகத்தியா அறக்கட்டளையைத் தொடங்கினார். குப்பத்தை அடுத்த குடிவங்காவில் 172 ஏக்கர் பரப்பில் அதன் வளாகம் உள்ளது. அரசுப் பள்ளி மாணவர்கள் அங்குச் சென்று கருவிகளைத் தாமே இயக்கிக் கற்கின்றனர். எல்லாரும் அங்குச் செல்ல இயலுமா? எனவே ஆய்வகமே புறப்பட்டது. கருவிகளை ஏற்றிய வண்டிகள் பள்ளி வாயிலுக்கே வருகின்றன. இரு சக்கர வண்டியில் செல்லும் ஆய்வகமும் உண்டு.

விலை உயர்ந்த கருவிதான் வேண்டும் என்பதில்லை. ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சிறிதே இழுத்து விட்டால் ஊசல் ஆயத்தம். பத்து முறை ஆடி முடிக்க ஏறத்தாழ 20 வினாடி ஆகும் என்று கைபேசியின் நிறுத்துகடிகாரம் காட்டும். நூலைப் பாதியாக்கினால்? “10 வினாடி” என்பதே பெரும்பாலோர் விடை. அளந்தாலோ ஏறத்தாழ 14 வினாடி வரும். எண்ணுவதில் பிழையோ என்று மீண்டும் அளப்பர், மீண்டும் 14. நூலைக் கால் மீட்டராகக் குறைத்த பிறகே 10 வினாடி கிடைக்கும். நேரம் பாதியாக, நீளம் நான்கில் ஒன்றாக வேண்டும். வாய்பாடாக மனப்பாடம் செய்த வர்க்கமூலம் இங்கே கைக்கு எட்டுகிறது.

கணிதத்திற்கும் இவ்வாறே. ஆஸ்திரியாவின் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் உருவாக்கிய ஜியோஜீப்ரா என்னும் மென்பொருளில், முக்கோணத்தின் ஒரு முனையை இழுத்தால் மூன்று கோணங்களும் மாறும். கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலேயே நிற்கும். ஆயினும், தாளில் வெட்டிய முக்கோணத்தின் மூலைகளைக் கிழித்து ஒட்டிப் பார்த்த பிறகு திரையைத் திறப்பதே நன்று. ஊகிக்குமுன் விடையைக் காட்டிவிட்டால் மாணவனுக்கு அங்கே வேலை இல்லை.

சொற்பொருள்: அண்டை – பக்கம்; ஊசல் – தொங்கி ஆடும் பொருள்; ஊகித்தல் – முன்கூட்டிக் கருதுதல்.

வினாக்கள்
1. ஆய்வகம் ஊர் தேடி வரக் காரணம் யாது?
2. ஊசலின் நூலைப் பாதியாக்கியபோது மாணவர் ஊகம் ஏன் பொய்த்தது?
3. வீட்டில் ஊசல் ஒன்று அமைக்க. அளக்குமுன் ஊகத்தையும், அளந்தபின் விடையையும் குறித்து, ஐந்து தொடர்களில் எழுதுக.