காலி சானலைக் கண்டுபிடிப்பது எப்படி?

டிவி, செல்போன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலைவரிசை ஒதுக்கப்படுகிறது. ஒதுக்கியது எல்லாம் பயன்படுகிறதா? இல்லை. 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள 15 டிவி சானல்களில், ஏறக்குறைய எல்லா இடங்களிலும் குறைந்தது 12 காலியாக இருப்பதாக மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2014-ல் கணக்கிட்டார்கள். இந்த இடத்தைக் கிராம இன்டர்நெட்டுக்குப் பயன்படுத்த மகாராஷ்டிராவின் பால்கர் பகுதியில் சோதனையும் நடத்தினார்கள்.

காலி சானலைத் தானே தேடிப் பிடிக்கும் கருவிக்கு காக்னிட்டிவ் ரேடியோ என்று பெயர். நிபந்தனை ஒன்றுதான்: சானலுக்கு உரியவர் ஒலிபரப்பினால் உடனே விலகிவிட வேண்டும்.

ஒரு கருவி போதுமா?

எங்கள் சின்னசேலத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வடக்கே கல்வராயன் மலை. மலைக்கு அந்தப் பக்கம், செங்கம் அருகே ஒரு டிவி டவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மலை மறைப்பதால் சின்னசேலத்துக் கருவிக்கு சிக்னல் கேட்காது. சானல் காலி என்று நினைத்து அதுவும் ஒலிபரப்பத் தொடங்கும். சிக்னல் எட்டும் ஊர்களில் டிவி படம் கெட்டுப்போகும்.

கூட்டுச் சோதனை

இதற்குத் தீர்வு, பல கருவிகள் சோதித்து முடிவை ஒரு தலைமை நிலையத்துக்கு அனுப்புவது. ஒவ்வொரு கருவியும் இருக்கும் சிக்னலை 60 சதவீதம் சரியாகக் கண்டுபிடிக்கிறது, இல்லாத சிக்னலை இருப்பதாக 10 சதவீதம் தவறாகச் சொல்கிறது என்று கொள்வோம். ஐந்து கருவிகள் இருந்தால்:

1. ஒன்று சொன்னாலே போதும் என்றால், கண்டுபிடிப்பது 99 சதவீதம். ஆனால் பொய் எச்சரிக்கையும் 41 சதவீதம்.
2. மூன்றாவது சொல்ல வேண்டும் என்றால், பொய் எச்சரிக்கை 1 சதவீதத்துக்கும் கீழே. கண்டுபிடிப்பதோ 68 சதவீதம்தான்.

டிவிக்கு இடையூறு கூடாது என்றால் முதல் விதி. காலி இடம் வீணாகக் கூடாது என்றால் இரண்டாவது.

முக்கியமான ஒன்று: ஐந்து கருவிகளையும் சின்னசேலத்திலேயே வைத்தால் இந்தக் கணக்கு பலிக்காது. ஒரே மலை ஐந்தையும் மறைக்கும். ஒன்றை மலைமேல் வெள்ளிமலையிலும், இன்னொன்றைத் திருக்கோவிலூரிலும் வைத்தால்தான் பயன். எண்ணிக்கையைவிட இடமே முக்கியம்.

சிக்னலைக் கேட்டறிவது இவ்வளவு சிரமம் என்பதால், அமெரிக்காவின் எஃப்சிசி 2010-ல் டேட்டாபேஸ் பார்த்து சானல் எடுக்கும் கருவிகளுக்கு இந்தச் சோதனை கட்டாயமில்லை என்று அறிவித்தது. ஆனால் டேட்டாபேஸில் பதியாத மைக்கை அது எப்படி அறியும்? அங்கே கூட்டுச் சோதனைதான் கைகொடுக்கும்.