பதம் பிரித்தலும் தரவு பிரித்தலும்

‘பலகை’ என்பதனைப் பல கை எனப் பிரித்தும் கொள்ளலாம். பிரியாத ஒரு சொல்லாகவும் கொள்ளலாம். ‘வேங்கை’ என்பதும் அத்தகையதே. பொதுமொழிக்கு வகுப்பறையில் நாம் காட்டும் எடுத்துக்காட்டுகள் இவை. கேட்பவர் மனிதராயின் இடம் நோக்கிப் பொருள் கொள்வர். கணினிக்கு அவ்வாறு இடம் நோக்கும் அறிவு இயல்பாக வாய்ப்பதன்று. ஆதலின் கணினிகள் தமக்குள் தரவினைப் பரிமாறிக்கொள்ளும் வடிவங்களில் பொதுமொழிக்கு இடமிருத்தலாகாது. ஒரு தொடர் எங்கு, எவரால் பிரிக்கப்படினும் ஒரே வகையாகப் பிரிதல் வேண்டும்.

வந்து சேரும் எழுத்துத் தொடரை உறுப்பு உறுப்பாகப் பிரித்துத் தரும் நிரலினை நிரலாளர்கள் ‘பார்சர்’ என்பர். நாம் அதனைப் பகுப்பி என்போம். ஒருவர் எழுதிய பகுப்பியைப் பிற நிரலாளரும் எடுத்தாளும் வகையில் அமைத்து வைத்தால் அது நூலகம் எனப்படும். அதன் மூலநிரலைக் காணவும் திருத்தவும் பரப்பவும் எவருக்கும் உரிமை வழங்கப்படின் அது திறமூல நூலகம். இத்தகைய நூலகம் ஆக்கப்படும் முறையையும் சோதிக்கப்படும் முறையையும் ‘ஜேசன்’ என்னும் தரவு வடிவத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. கைப்பேசிச் செயலிகள் பலவும் இவ்வடிவிலேயே செய்தி பெறுகின்றன. எனவே, இது கணினித் துறையினர்க்கு மட்டுமே உரிய செய்தி என நாம் ஒதுக்குதற்கில்லை.

ஜேசன் வடிவத்தை 2001ஆம் ஆண்டில் வரையறுத்துப் பெயரிட்டுப் பரப்பியவர் அமெரிக்கரான டக்ளஸ் கிராக்ஃபோர்டு. இதன் இலக்கணம் மிகச் சிறியது. இரட்டை மேற்கோளுக்குள் அடங்கிய எழுத்துச் சரம், எண், மெய், பொய், இன்மை ஆகியவை தனி மதிப்புகள். சதுர அடைப்புக்குள் மதிப்புகளை வரிசையாக அடுக்கலாம்; நெளி அடைப்புக்குள் பெயரும் மதிப்புமாக இணைத்து வைக்கலாம். இலக்கணம் அவ்வளவே. மாணவர் ஒருவரின் பெயர், துறை, ஐந்து தாள்களின் மதிப்பெண் ஆகியவற்றை இரண்டு வரிகளில் எழுதிவிடலாம். குறிப்புரை எழுதும் வசதியும் தொடக்கத்தில் இருந்தது. சிலர் அக்குறிப்புரைக்குள் பகுப்பிக்கான தனிக் கட்டளைகளை மறைத்து வைக்கத் தலைப்பட்டமையால் கிராக்ஃபோர்டு அதனை நீக்கினார். உரையாசிரியர் வழி வந்த நமக்கு இஃது ஏற்கத் தயங்கும் முடிவே. எனினும் அவர் கூறிய காரணம் வலியது.

பகுப்பியின் ஆக்கம் இருநிலையினது. முதலில் எழுத்துகளைச் சேர்த்து உறுப்புகளாக்குதல்; பின்னர் உறுப்புகளின் இயைபினை அறிதல். ‘வந்தனன்’ என்பதனைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என நன்னூல் வழிப் பிரிக்கும் மாணவர் செய்வதும் ஏறத்தாழ இதுவே. நன்னூலார்க்கு வாய்க்காத எளிமை ஒன்று ஜேசனுக்கு உண்டு. முதல் எழுத்தினை நோக்கிய அளவிலேயே வரவிருக்கும் மதிப்பு எவ்வகையது எனத் துணியலாம். மேற்கோள் குறி வரின் சரம். இலக்கமோ கழித்தற்குறியோ வரின் எண். சதுர அடைப்பு வரின் வரிசை. அடைப்புக்குள் மீண்டும் அடைப்பு வருமிடத்துப் பகுப்பி தன்னையே மீண்டும் அழைத்துக்கொள்ளும்.

இவ்வளவு சிறிய இலக்கணத்திற்குப் பகுப்பி எழுதுதல் எளிதன்றோ எனத் தோன்றலாம். எழுதுதல் எளிதே, பிழையற எழுதுதல் எளிதன்று. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நிக்கோலா செரியோ என்னும் நிரலாளர் 2016இல் முந்நூறுக்கும் மேற்பட்ட சோதனைக் கோப்புகளைத் தொகுத்துப் பல நூலகங்களை அவற்றால் ஆராய்ந்தார். அவருடைய கோப்புகள் மூவகையின: பகுப்பி ஏற்றே ஆகவேண்டியவை, மறுத்தே ஆகவேண்டியவை, ஏற்பதும் மறுப்பதும் ஆக்கியோன் விருப்பத்திற்கு விடப்பட்டவை. முடிவில், முற்றிலும் ஒத்து நடந்த இரு நூலகங்களை அவர் காணவில்லை. சதுர அடைப்பின் திறப்புக் குறி மட்டும் ஒரு லட்சம் முறை வருவது அவருடைய கோப்புகளுள் ஒன்று. தன்னைத்தானே அழைக்கும் பகுப்பிக்கு ஆழ வரம்பு விதிக்கப்படவில்லையாயின், அது பிழை என அறிவிக்கவும் இயலாமல் நிலைகுலைந்து நிற்கக்கூடும்.

ஏற்கத்தக்கதை ஏற்கிறதா என்று சோதித்தலோடு பலர் அமைந்துவிடுகின்றனர். மறுக்கத்தக்கதை மறுக்கிறதா என்னும் சோதனையே பெரிதும் வேண்டப்படுவது என்பது எம் கருத்து. எண்ணின் முன் வீணே சுழியம் இடுதல் ஜேசனில் தவறு. வரிசையின் இறுதி மதிப்பை அடுத்துக் காற்புள்ளி நிற்பதும் தவறு. தமிழ் எண்களால் ௧௨ என எழுதுவதும் தவறே; சுழியம் முதல் ஒன்பது வரையுள்ள பொது இலக்கங்களே விதிக்கப்பட்டுள்ளன. ஆனால் பைத்தான் மொழியில் ‘இஃது இலக்கமா’ எனப் பொதுவாக வினவினால் ௧ என்பதற்கும் ‘ஆம்’ என்றே விடை வரும். அவ்விடையை நம்பிப் பகுப்பி எழுதுவோர் விலக்க வேண்டியதை ஏற்றுவிடுவர்.

எண்களில் வேறொரு இடரும் உண்டு. எண் எத்தனை இலக்கம் வரை நீளலாம் என ஜேசன் இலக்கணம் வரையறுக்கவில்லை. பல நூலகங்கள் எண்ணைப் பதின்மப் பின்னத்திற்கான 64 பிட்டு வடிவில் வைப்பன. 9007199254740993 என அனுப்பினால் அத்தகைய நூலகம் 9007199254740992 எனத் தரும். பிழைச்செய்தி எதுவும் எழாது. ஓரிலக்கம் மாறிய அடையாள எண் வேறொருவருடையதாகலாம். இவ்விடரை நோக்கியே ட்விட்டர் நிறுவனம் 2010இல் தன் பதிவுகளின் அடையாள எண்ணை எண்ணாக மட்டுமன்றிச் சரமாகவும் அனுப்பத் தொடங்கிற்று.

இவையனைத்தினும் கருதத்தக்கது ஒரே பெயர் இருமுறை வருதலாகும். ஒரு தொகுப்பினுள் பெயர்கள் வேறுவேறாக இருத்தல் நன்று என்ற அளவில் 2017இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 8259 என்னும் தரவரையறை அமைகின்றது. இருமுறை வரின் எதனைக் கொள்வது என அது முடிந்த முடிபாகக் கூறவில்லை. சில நூலகங்கள் முன்னதைக் கொள்ளும். சில பின்னதைக் கொள்ளும். சில முழுவதையும் மறுக்கும். இதனால் விளைந்த கேட்டினை அதே 2017ஆம் ஆண்டில் அப்பாச்சி கவுச்டிபி என்னும் தரவுத்தள மென்பொருளில் காண்கிறோம். அதனுள் இருவேறு பகுப்பிகள் பணிசெய்தன. பயனர் ஒருவர் தம் பதிவில் ‘பொறுப்புகள்’ என்னும் பொருள்படும் பெயரை இருமுறை எழுதி, முன்னதில் மேலாளர் உரிமையைக் குறித்துப் பின்னதை வெறுமையாக விட்டார் எனக் கொள்வோம். பதிவினை அனுமதிக்கும் பகுப்பி பின்னதைப் பார்த்துத் தீங்கில்லை என விடுக்கும். பின்னர் உரிமையை அறியும் பகுப்பி முன்னதைக் கொண்டு அவரை மேலாளராக்கும். இரண்டனுள் எதனையும் தனித்து நோக்கின் பழுது புலப்படாது. அந்தக் குறை அவ்வாண்டிலேயே கண்டறிந்து களையப்பட்டது.

கொடுப்பதில் கண்டிப்பும் கொள்வதில் தாராளமும் வேண்டும் என்பது 1980இல் ஜான் போஸ்டல் வகுத்த நெறி. இணையம் வளர்ந்த காலத்தில் அது நற்பயன் விளைத்தது உண்மை. பகுப்பிக்கு அந்நெறி பொருந்தாது என்பதே எம் துணிபு. குறையுள்ள தரவினை ஊகத்தால் நிரப்பும் பகுப்பி உதவி செய்வதுபோல் தோன்றிச் செய்தியை மாற்றிவிடுகிறது. நபிமொழித் தொகுப்பாளர்கள் அறிவிப்பாளரை ஆராய்ந்தபோது நேர்மை, நினைவின் உறுதி ஆகிய இரண்டனையும் தனித்தனியே நோக்கினர். நல்லவரேயாயினும் நினைவு தளர்ந்தவரின் அறிவிப்பு வலுவற்றதாகவே வைக்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு ஊகிக்கும் பகுப்பியையும் அவ்வரிசையில் வைத்தலே முறை.

மனிதர் முன்னறிந்து எழுதும் சோதனைகள் மனிதருக்குத் தோன்றியவற்றை மட்டுமே சோதிக்கும். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர் 1988இல் ஓர் இடிமழை இரவில் தொலைபேசி இணைப்பின் வழியே கணினியில் பணிசெய்தபோது, மழையால் வரியில் புகுந்த இரைச்சல் எழுத்துகள் நிரல்களை நிலைகுலையச் செய்தன. அதனையே அவர் ஆய்வு முறையாக்கினார். 1990இல் வெளியான அவ்வாய்வு, சோதித்த யூனிக்ஸ் பயன்பாட்டு நிரல்களுள் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பொருளற்ற எழுத்துக் கோவைகளால் வீழ்ந்தன எனக் காட்டிற்று. இன்று ‘ஃபஸ்ஸிங்’ என வழங்கும் அம்முறை பகுப்பி நூலகங்களுக்கு இன்றியமையாதது. அதனால் வெளிப்படும் ஒவ்வொரு பழுதும் ஒரு சோதனைக் கோப்பாகச் சேமிக்கப்படும். நிரல் திருத்தப்படும்தோறும் அக்கோப்புகள் அனைத்தும் மீண்டும் ஓட்டப்படும்.

திறமூல உரிமம் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கிராக்ஃபோர்டு தம் நிரலை வெளியிட்டபோது அது நன்மைக்கே பயன்படுதல் வேண்டும், தீமைக்கன்று என உரிமத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தார். கேட்க இனியதாயினும், எது நன்மை என வரையறுக்கப்படாமையால் டெபியன் அமைப்பினர் அதனைக் கட்டற்ற உரிமமாக ஏற்கவில்லை. அப்பாச்சி அறக்கட்டளையும் 2016இல் தன் திட்டங்களினின்று விலக்கிற்று. வக்ஃபுப் பத்திரத்தில் நிபந்தனை தெளிவின்றி அமைந்தால் நேரும் வழக்குகளை நம் பெரியோர் நன்கறிவர்.

தமிழுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. ‘கொடை’ என்பதன் கொகரத்தை யூனிகோடு முறையில் இருவகையாகச் சேமிக்கலாம்: உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாக வைத்தும், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்து வைத்தும். கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. குறியெண் வழி ஒப்பிடும் பகுப்பிக்கோ இரண்டும் வேறு பெயர்கள். முந்திரி, காணி முதலிய பழம் பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடில் இடம்பெற்றன. அவற்றின் குறியெண்கள் 65,535க்கு மேற்பட்டவை. ஆதலின் ஜேசனில் அவற்றைக் குறியெண்ணால் எழுதுங்கால் ஒன்றற்கு இரண்டு எண்கள் இணையாக வரவேண்டும். இணையில் ஒன்று குறைந்து வரின் நூலகங்கள் வெவ்வேறாக நடக்கின்றன. இவற்றைச் சோதிக்கும் கோப்பு எழுதுவதற்கு நிரலாக்கப் பயிற்சி வேண்டுவதில்லை. எழுத்திலக்கணம் கற்ற மாணவர் ஒருவர், இருவகைக் கொகரமும் ஒரே தொகுப்பில் வரும் கோப்பு ஒன்றும், முந்திரிக் குறியின் இணை முழுமையாகவும் குறையாகவும் அமைந்த கோப்புகள் இரண்டும், ௧௨ என்னும் எண்ணுடைய கோப்பு ஒன்றுமாக நான்கினை ஒரு மாலைப்பொழுதில் எழுதி, அவற்றுள் ஏற்கத்தக்கது எது, மறுக்கத்தக்கது எது எனக் குறித்து, எந்தத் திறமூல நூலகத்தின் பராமரிப்பாளருக்கும் அனுப்பலாம்.