குறைத்த எடை திரும்பாமல் இருக்க...



உடம்பின் எடையைக் குறைப்பது ஒரு வேலை. குறைத்த எடையைக் காப்பது இன்னொரு வேலை. நம்மில் பலர் முதல் வேலையோடு நின்றுவிடுகிறோம்.

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 40 பேருக்கும், ஆண்களில் 37 பேருக்கும் எடை அதிகம். இது பட்டணத்து வியாதி என்று இனிச் சொல்ல முடியாது.

ஒரு வீட்டுத் திண்ணையில் நடக்கும் பேச்சைக் கேளுங்கள்.

மனைவி: நர்சம்மா, சக்கரை வியாதின்னு சொன்னதும் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டேன். நாலு மாசத்துல ஆறு கிலோ இறங்குச்சு. டாக்டர் மாத்திரையைக் கூடக் குறைச்சாரு. தை போயி ஆடி வர்றதுக்குள்ள அஞ்சு கிலோ ஏறிடுச்சு. மாத்திரையும் பழையபடி ஆயிடுச்சு.

கணவர்: இவளுக்கு வாயைக் கட்டத் தெரியலைங்க.

செவிலியர்: அவங்க வாயைக் கட்டினாங்க அண்ணே. வீட்டு அடுப்புதான் மாறலை. உங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் பழையபடியே ஆக்கிப் போட்டுட்டு, கடைசியா உக்காந்து, வீணாப் போகுதேன்னு சட்டியை வழிச்சுச் சாப்பிட்டா, எடை எப்படி நிக்கும்?

கணவர்: அதுவும் நெசந்தான். இனி எப்படி ஆக்கணும், சொல்லுங்க. எனக்கும் அதே சாப்பாடு போதும்.

எடை ஏன் திரும்புகிறது?

எடை குறைந்த உடம்புக்கு முன்னைவிடக் குறைந்த உணவே போதும். ஆனால் பசி முன்னைவிட அதிகமாக எடுக்கும். இது மன உறுதிக் குறைவல்ல, உடம்பின் இயல்பு. எனவே பட்டினி நெடுநாள் தாங்காது. காய், கீரை, பயறு, முழுத்தானியம் ஆகியவற்றில் நார்ச்சத்து உண்டு. அவை வயிற்றை நிறைக்கும், பசி தாங்கும். மிக்சர், பிஸ்கட், பரோட்டா அப்படியல்ல.

என்ன செய்ய வேண்டும்?

1. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

2. தட்டில் பாதி காயும் கீரையும்: சுரை, புடலை, அவரை, முருங்கைக்கீரை. கால் பங்கு பருப்பு, பயறு, கொள்ளு, முட்டை அல்லது மீன். மீதி கால் பங்குதான் சோறு.

3. அரிசியை அளந்து உலையில் போடுங்கள். மிச்சம் விழாது. கம்பும் கேழ்வரகும் நல்லவைதான். ஆனால் சோற்றுக்கு மேல் அல்ல, சோற்றுக்குப் பதிலாக.

4. எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர். நாலு பேர் வீட்டுக்கு 2 லிட்டர். வடை, பஜ்ஜியும் இந்தக் கணக்கிலேயே அடங்க வேண்டும்.

5. நாளுக்கு 3 டீ, ஒவ்வொன்றிலும் 2 தேக்கரண்டி சர்க்கரை என்றால், ஒருவருக்கே மாதம் முக்கால் கிலோவுக்கு மேல் ஆகிறது. வெல்லமானாலும் கணக்கு ஒன்றுதான். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

6. தினமும் அரை மணிக்குக் குறையாமல் வேகமாக நடங்கள்.

7. வாரம் ஒரு நாள் எடை பாருங்கள். திருவிழா, கல்யாணம் முடிந்து 2 கிலோ ஏறியிருந்தால், அந்த மாதமே இறக்கிவிடுங்கள். பத்துக் கிலோ ஆகும்வரை விடாதீர்கள்.

கவனிக்கவும்

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எடை குறைக்க முயலக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வேளை தவறவிடக் கூடாது. மருந்தைத் தாமாகக் குறைக்கவும் கூடாது. முயற்சி இல்லாமலே எடை இறங்கினால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். தனியாக வாயைக் கட்டினால் நாலு மாதம். இருவரும் சேர்ந்து அடுப்பை மாற்றினால் ஆயுள் முழுதும்!