பலகை ஏன் நகர மறுக்கிறது?

தச்சர் கையால் இழைக்கும்போது பலகை அசையாமல் கிடக்கும். இழைப்புளி அதன்மேல் ஓடும். இயந்திரத்தில் இது தலைகீழ். கத்தி ஓரிடத்திலேயே சுழலும். பலகைதான் அதைத் தேடிச் செல்ல வேண்டும். பலகையின் கனத்தை ஒரே சீராக்கும் இந்த இயந்திரத்தைப் பட்டறைகளில் ‘திக்னஸ் பிளேனர்’ என்பார்கள். நாம் இதைக் கன இழைப்பு இயந்திரம் என்று அழைப்போம்.

இதில் அடிக்கடி நேரும் கோளாறு ஒன்று உண்டு. உள்ளே சென்ற பலகை பாதியில் நின்றுவிடும். கத்தி மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். அது ஏன் நிற்கிறது? அதை எப்படிச் சரிசெய்வது? உங்கள் இயற்பியல் பாடத்தில் வரும் உராய்வு விதியே இதற்கு விடை சொல்லும்.

இயந்திரத்தின் அமைப்பு

கீழே வழவழப்பான இரும்பு மேசை. அதற்கு மேலே கத்திகள் பொருத்திய வெட்டுருளை. அதன் முன்னும் பின்னும் பலகையை நகர்த்தும் இரண்டு ஊட்டுருளைகள். முன்னுருளையில் பெரும்பாலும் பற்கள் வெட்டியிருக்கும். பின்னுருளை வழவழப்பான எஃகாகவோ ரப்பர் உறையிட்டதாகவோ இருக்கும். ஸ்பிரிங்குகள் இவ்வுருளைகளைப் பலகையின்மேல் அழுத்துகின்றன. மோட்டாரின் சுழற்சி சங்கிலி அல்லது பல்சக்கரம் வழியாக அவற்றுக்கு வருகிறது. சுழலும் கத்தியையும் ஊட்டுருளைகளையும் ஒன்றுசேர்த்த இழைப்பு இயந்திரத்திற்கு அமெரிக்காவின் வில்லியம் உட்வர்த் 1828-இல் காப்புரிமை பெற்றார்.

வெட்டுருளையில் 3 கத்திகள் இருப்பதாகவும், அது நிமிடத்திற்கு 5,000 முறை சுழல்வதாகவும் கொள்வோம். நிமிடத்திற்கு 15,000 வெட்டுகள் விழும். அந்த நேரத்தில் பலகை 6 மீட்டர் நகர்ந்தால், ஒரு வெட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.4 மி.மீ. ஆகவே பரப்பு வழவழப்பாகத் தெரிகிறது. ஆனால் பலகை ஒரே ஒரு வினாடி நின்றால்? 250 வெட்டுகள் ஒரே இடத்தில் விழும். அங்கே பள்ளம் விழும். மரம் கருகவும் கூடும்.

இழுப்பதும் தடுப்பதும்

உருளை பலகையைப் பிடித்து இழுப்பது உராய்வினால்தான். பலகையை மேசை தடுத்து நிறுத்துவதும் உராய்வினால்தான்! மேலே உள்ள உராய்வு நமக்கு நண்பன். கீழே உள்ள உராய்வு பகைவன். இதோடு கத்தியும் பலகையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஏனெனில் கத்தியின் முனை பலகை வரும் திசைக்கு எதிராக வெட்டுகிறது.

உராய்வு விசை, பரப்புகளை அழுத்தும் விசைக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று பிரான்சு நாட்டு அமாந்தோன் 1699-இல் எடுத்துக்காட்டினார். அழுத்தும் விசையை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் உராய்வு விசை கிடைக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். இதிலுள்ள எண்கள் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்டவை. பலகை முன்னுருளையில் மட்டும் அகப்பட்டிருக்கிறது. உருளையின் அழுத்தம் 300 நியூட்டன். பலகையின் எடை 50 நியூட்டன். கத்தியின் எதிர்ப்பு 60 நியூட்டன். உருளைக்கும் மரத்துக்கும் உராய்வுக் குணகம் 0.5, மேசைக்கும் மரத்துக்கும் 0.2.

இழுவிசை: 300 × 0.5 = 150 நியூட்டன்.
தடை: 350 × 0.2 + 60 = 130 நியூட்டன்.

இழுவிசை அதிகம், பலகை நகர்கிறது. இப்போது மேசையில் மரப்பிசின் படிந்து, அதன் குணகம் 0.35 ஆகிவிட்டது என்று கொள்ளுங்கள். தடை 182.5 நியூட்டனாக உயர்கிறது. பலகை நின்றுவிடுகிறது.

ஸ்பிரிங்கை முடுக்கினால் போதாதா?

பலரும் முதலில் செய்வது இதைத்தான். அழுத்தத்தை 600 நியூட்டன் ஆக்கினால் இழுவிசை 300, தடை 287.5. பலகை நகரும், ஆனால் மிச்சம் 12.5 நியூட்டன்தான். மரத்தின்மேல் உருளையின் பல்தடமும் ஆழமாகப் பதியும்.

உருளையிலும் பிசின் படிந்து அதன் குணகம் 0.3 ஆகிவிட்டால் என்ன ஆகும்? 300 நியூட்டன் அழுத்தத்தில் இழுவிசை 90, தடை 182.5, பற்றாக்குறை 92.5. அழுத்தத்தை 600 ஆக்கினால் இழுவிசை 180, தடை 287.5, பற்றாக்குறை 107.5! முடுக்க முடுக்க நிலைமை மோசமாகிறது. காரணம் எளிது. உருளையின் அழுத்தம் பலகை வழியாக மேசையையும் சென்று சேர்கிறது. மேசையின் குணகத்தைவிட உருளையின் குணகம் அதிகமாக இருந்தால்தான் அழுத்தம் பயன் தரும். எனவே முதல் வேலை முடுக்குவதன்று, துடைப்பது.

வரிசையாகச் சரிபார்த்தல்

எதையும் தொடுமுன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். அணைத்த பிறகும் வெட்டுருளை சிறிது நேரம் சுற்றும். அது முற்றிலும் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

1. பலகை நின்றபோது ஊட்டுருளை சுழன்றதா, நின்றதா? உருளையே நின்றிருந்தால் கோளாறு சங்கிலி, பல்சக்கரம் அல்லது பெல்ட்டில் உள்ளது. உருளை சுழன்று மரத்தின்மேல் வழுக்கியிருந்தால் கோளாறு உராய்வில்.

2. மேசையைச் சுத்தம் செய்து மெழுகை மெல்லிதாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் மெருகிட வேண்டும். எண்ணெய் கூடாது; அது மரத்தில் கறையாகி வார்னிஷ் பிடிக்கவிடாது.

3. எஃகு உருளையின் பற்களில் அடைந்த பிசினைப் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொண்டு நீக்கித் துடைக்கலாம். ரப்பர் உருளைக்கு மண்ணெண்ணெய் ஆகாது, ரப்பர் ஊதிவிடும். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். உருளைகளில் மெழுகு படவே கூடாது.

4. சில இயந்திரங்களில் மேசையிலும் சிறு உருளைகள் உண்டு. மரச்சீவல் அடைத்து அவை சுழலாமல் நின்றிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

5. கத்தி மழுங்கினால் எதிர்ப்பு கூடும். தேக்கு மரத்தில் சிலிக்கா உண்டு. அது கத்தியை விரைவில் மழுக்கும்.

6. ஒரே தடவையில் ஆழமாக வெட்டக் கூடாது. பலகையின் கனம் இடத்துக்கு இடம் மாறும். அதிகக் கனமான இடத்தை அளந்தே மேசையின் உயரத்தை அமைக்க வேண்டும்.

7. இவ்வளவும் செய்தபின்னும் வழுக்கினால்தான் ஸ்பிரிங். இரு பக்கமும் சமமாக முடுக்க வேண்டும். இல்லையேல் பலகை கோணலாகச் செல்லும்.

ஓர் எச்சரிக்கை

நின்ற பலகையைக் கையால் தள்ளும் ஆசை எவருக்கும் வரும். அது பேராபத்து. பலகை திடீரென நகர்ந்தால் தள்ளியவரின் கை உருளையை நோக்கிப் போகும். கத்தி பலகையைத் திருப்பி எறிந்தால் அது பின்னால் நிற்பவர்மேல் பாயும். ஆகையால் பலகைக்கு நேர் பின்னால் நிற்கவே கூடாது. இயந்திரத்தை நிறுத்தி, மேசையை இறக்கி, பிறகே பலகையை எடுக்க வேண்டும். மாணவர்கள் ஆசிரியர் உடனில்லாமல் இயந்திரத்தைத் தொட வேண்டாம்.

செய்து பாருங்கள்

இயந்திரம் இல்லாமலே உராய்வுக் குணகத்தை அளக்கலாம். சமதளமான ஒரு தகரத் தகட்டின்மேல் சிறு மரக்கட்டையை வையுங்கள். தகட்டின் ஒரு முனையை மெதுவாக உயர்த்துங்கள். கட்டை வழுக்கத் தொடங்கும்போது, உயர்ந்த முனையின் உயரத்தையும் தரையில் அதன் கிடைத்தொலைவையும் அளந்து, உயரத்தைத் தொலைவால் வகுங்கள். அதுவே குணகம். தொலைவு 50 செ.மீ., உயரம் 10 செ.மீ. என்றால் குணகம் 0.2. பிறகு தகட்டில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து மெருகிட்டு மீண்டும் அளவிடுங்கள். இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள்.

சிந்திக்க: நம் கணக்கில் இரு குணகங்களும் 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை எவ்வளவு முடுக்கினால் பலகை நகரும்?