சம்பு சாஸ்திரியாக வந்த சிவன்

கேள்வி: மார்கழியில் மயிலாப்பூர் மாடவீதிகளில் பஜனை பாடிய பாபநாசம் சிவன், சினிமாவிலும் நடித்தாராமே? (வாசகி, மந்தைவெளி)

பதில்: நடித்தார், கதையையே தாங்கி நிற்கும் பாத்திரங்களில்! அவரை நடிப்புக்கு இழுத்து வந்தவர் இயக்குநர் கே. சுப்ரமணியம். 1936-இல் 'பக்த குசேலா'வில் குசேலர் வேஷம். ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது 1939-இல் வந்த 'தியாக பூமி'. கல்கி அந்தக் கதையை ஆனந்த விகடனில் தொடராக எழுத, சித்திரங்களுக்குப் பதில் படத்தின் ஸ்டில்களே அச்சாயின.

புயலில் வீடிழந்து வரும் சேரி மக்களைத் தம் மாட்டுக் கொட்டகையில் தங்க வைக்கிறார் சம்பு சாஸ்திரி. அதற்காக அக்கிரகாரம் அவரைத் தள்ளி வைக்கிறது. அந்தச் சாஸ்திரிதான் சிவன். தேர்ந்த நடிகர் ஒருவர் செய்திருந்தால் அழுது தீர்த்திருப்பார். சிவனோ தெருவில் பாடிப் போகிறவரைப் போலவே திரையிலும் இருக்கிறார். அந்த எளிமைக்கு ஈடில்லை என்பேன். சாஸ்திரியின் மகள் சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலட்சுமி. கைவிட்ட கணவன் சேர்ந்து வாழ வழக்குப் போட, அவனுக்கு ஜீவனாம்சம் தருகிறேன், கூட வாழ மாட்டேன் என்று கோர்ட்டில் நிற்கிற பெண். 1939-இல்! தேச விடுதலையைப் பேசிய படத்தை ஆங்கிலேய அரசு தடை செய்தது.

'அசோக்குமார்', 'சிவகவி', 'ஹரிதாஸ்' எனப் தியாகராஜ பாகவதர் படங்களுக்குச் சிவன் எழுதிய பாட்டுகளை ஊரே அறியும். நடிப்பைத்தான் மறந்துவிட்டோம். 'தியாக பூமி' பிரதி புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அடுத்த டிசம்பர் சீசனில் ஏதேனும் ஒரு சபா அதை வரவழைத்துத் திரையிட்டால் முதல் வரிசையில் உட்கார நான் தயார்.