பாசி என்னும் பொதுப்பெயர்

ஐப்பசி மழை நானாட்டான் வயல்வெளியில் இறங்கிச் சில தினங்கள் கழியுமுன்னரே, கோடை முழுவதும் கரிந்து கிடந்த கிணற்றுக்கட்டு பச்சைப் பட்டுப் போர்த்தாற்போல் மாறிவிடுவதைக் காண்போர், அப்பசுமை மழைத்துளியோடு வானிலிருந்தே வந்ததென்று கருதுவது இயல்பே. ஆயின் அது எங்கும் போகவுமில்லை, எங்கிருந்தும் வரவுமில்லை. உடலின் நீரை ஏறக்குறைய முழுவதும் இழந்தும் உயிரை இழவாது சுருண்டு கிடக்கும் சக்தி பல பாசியினங்களுக்கு வாய்த்திருத்தலின், அவை ஈரம் பட்டவுடன் இலை விரித்து, சில மணி நேரத்துக்குள் தம் ஜீவனத்தைத் தொடங்கிவிடுகின்றன.

பாசி வேர்விட்டுச் சுவரைப் பிளக்கும் என்பது மற்றோர் அபிப்பிராயம். அதற்கு வேரே கிடையாது. பற்றிக்கொள்வதற்கு மயிரிழை போன்ற வேர்ப்போலிகள் மாத்திரமே உள. நீரை மேலேற்றும் கலன்களும் இன்மையால் அது ஓரிரு விரற்கடைக்கு மேல் நிமிர்வது அரிது. கட்டு நனைந்திருப்பதற்குப் பாசியைக் குறைகூறுவோர், முதலில் கட்டின் வெடிப்பைப் பார்ப்பது நலம்.

பெயர்க் குழப்பமோ இவ்விரண்டிலும் பெரிது. கறிக்கு வாசனையூட்டும் கல்பாசி, பூஞ்சணமும் அல்காவும் கூடிவாழும் இலைக்கனேயன்றிப் பாசியன்று. பாக்கு நீரிணையின் எதிர்க்கரையார் கஞ்சிப்பாசி என்பதும், ஆங்கிலேயர் 'சிலோன் மொஸ்' என்று பெயரிட்டதுமான கடற்பாசி, செவ்வல்கா வகுப்பைச் சேர்ந்தது. குளத்து நீரில் மிதக்கும் பச்சை இழைகளும் பெரும்பாலும் அல்காக்களே. மெய்யான பாசி, ஈரலுருத் தாவரங்களோடும் கொம்புருத் தாவரங்களோடும் சேர்ந்து, கலனிழையமற்ற வர்க்கமாய் நிற்கிறது. கலனிழையம் பெற்றும் வித்துப் பெறாத வர்க்கத்தில் பன்னங்கள் தலைமை வகிக்கின்றன.

வித்து வேறு, வித்தி வேறு. தமிழில் ஈற்றுயிர் ஒன்றே மாறினும், பொருளில் பேதம் பெரிது: வித்தினுள்ளே முளையமும் அதற்கான கட்டுச்சோறும் உறைக்குள் அமைந்திருக்க, வித்தியோ ஒற்றைக் கலம். அது முளைத்துத் தோன்றும் சந்ததியில் ஆணணு நீரில் நீந்திச் சென்றே முட்டையைச் சேரவேண்டும். வித்திகளை ஈனும் சந்ததியும், ஆணணுவும் முட்டையுமாகிய புணரிகளை ஈனும் சந்ததியும் மாறிமாறி வரும் இச்சந்ததி மாற்றத்தை 1851 ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஹொப்மைஸ்டர் ஒழுங்குற எடுத்துரைத்தார். பாசியில் நாம் காணும் பசுமை, புணரிகளை ஈனும் சந்ததி. பன்னத்தில் நாம் காணும் ஓலையோ, வித்திகளை ஈனும் சந்ததி.

வித்தில்லாதது பெருகாது என்பாருமுளர். அவர்க்கு விடை சல்வீனியா. தாவரவியல் ஆய்வின்பொருட்டு 1939 இல் கொழும்புக்குக் கொணரப்பட்ட இந்தப் பிரேசில் நாட்டு நீர்ப்பன்னம், வளமுள்ள வித்தியைத்தானும் ஈனாத மலடு. உடைந்த துண்டுகளாலேயே இலங்கையின் குளங்களையும் வயல்களையும் மூடியது. அதன் வேரென்று நாம் இழுத்தெறிவதும் உருமாறிய இலைதான்.

எனினும், என் மனத்தை மிகக் கவர்ந்தது நம் வயலோரத்து ஆரைக்கீரையே. நான்கு சிற்றிலைகளை நீர்மேல் விரித்து நிற்கும் அதனைக் கீரையினத்ததென்றே நாம் கறி சமைத்து உண்கிறோம், அதுவும் பன்னமே. குளத்து நீர் வற்றுங்கால் அதன் அடியில் அவரை மணிபோன்ற கரிய, கடினமான காய்கள் தோன்றுதலால், ஆரைக்கு வித்துண்டு என்று சாதிப்போரும் உளர். அவை வித்திகளைப் பொதிந்த பெட்டகங்கள். வறட்சியில் பல ஆண்டுகள் கிடந்தும் உயிர்த்திருப்பவை. ஒன்றன் ஓட்டை அரத்தால் சிறிது தேய்த்து ஒரு கிண்ணத்து நீரில் இட்டால், சற்று நேரத்தில் அது பிளந்து, பசைபோன்ற கயிறொன்று நெளிந்து வெளிப்பட, அக்கயிற்றின் இருமருங்கிலும் சிறியவும் பெரியவுமான வித்திகளைச் சுமந்த பொதிகள் வரிசையாய்த் தொங்குவதைப் பிரத்தியட்சமாகக் காணலாம்.