கடனும் கட்டாயமும்: ஒரு பிரெஞ்சு வினைச்சொல்

காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள குடும்பங்களுக்கு வரும் கடிதங்களில் 'வூ துவே' என்ற தொடரைப் பார்க்கிறோம். மூலவினை 'துவ்வார்'. நம் 'கடன்' போலவே பணத்தையும் கடமையையும் ஒருசேரச் சுமக்கும் சொல் இது.

'வூ துவே' என்பதற்குப் பின் தொகை வந்தால், உதாரணமாக 'வூ துவே 300 யூரோ' என்றிருந்தால், நீங்கள் 300 யூரோ பாக்கி. இன்னொரு வினை வந்தால் கட்டாயம்: 'வூ துவே சின்யே' என்றால் கையெழுத்திட்டே ஆகவேண்டும். இதைக் கடன் என்று படித்துவிட்டால் வீடே கலங்கிப்போகும்; கையெழுத்தும் போடாமல் கெடு கடந்துவிடும்.

'வூ துவ்ரியே' என்பது யோசனை சொல்வதுதான். 'இல் துவா தொர்மீர்' என்றால் 'அவர் தூங்க வேண்டும்', 'தூங்கிக்கொண்டிருப்பார்' என இரண்டு பொருளும் உண்டு. முன்பின் வாக்கியத்தை வைத்தே தெரியும். பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் இதே 'துவ்வார்'தான் பெயர். பிள்ளைகளுக்கும் அது கடன்தானே!

கடிதம் வந்தால் 'துவே'க்கு அடுத்து என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.